ஒன்பது வார்டுக்கும் சமமாகப் பிரித்த பணம்: ஓர் ஊராட்சியின் நிதிப் பங்கீடு பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

விருதுநகர் மாவட்டத்துக் கரிசல் காட்டில் இருக்கும் ஒரு கிராம ஊராட்சியில், 2022 ஆகஸ்டு முதல் 2024 கடைசி வரை நடந்ததை இங்கே எழுதுகிறேன். ஊர்ப் பெயரும் ஆட்கள் பெயரும் வேண்டாம் என்று முதலிலேயே பேசிக்கொண்டோம். அந்த ஊராட்சியில் மகளிர் குழுக் கூட்டமைப்பு ஆண்டுதோறும் தயாரிக்கும் வறுமை ஒழிப்புத் திட்டத்துக்கு நான் உதவியாளராகப் போய்க்கொண்டிருந்தேன். அதனால் கிராம சபைகளிலும், வார்டு உறுப்பினர் கூட்டங்கள் பலவற்றிலும் உட்கார்ந்திருக்கிறேன். பல முடிவுகளில் எனக்கும் பங்கு உண்டு, தவறானவற்றையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

மக்கள் தொகை 2,800-க்குக் கொஞ்சம் மேல். வார்டு 9. ஊர் ஒரு சாலையின் இருபுறமும் கிடக்கிறது. மேற்கே கடைத்தெரு, கோயில் தெரு, பள்ளிக்கூடம், மேல்நிலைத் தொட்டி. கிழக்கே கம்மாய்க்கரையை ஒட்டி ஆதிதிராவிடர் குடியிருப்பும், அதற்கு அந்தப் பக்கம் தொகுப்பு வீடுகளும் சேர்ந்து 110 வீடு. ஊரில் எல்லோரும் 'காலனி' என்பார்கள். நான் கிழக்குத் தெரு என்றே எழுதுகிறேன்.

ஊராட்சிக்குப் பல வழிகளில் பணம் வந்தது. வீட்டு வரி, மாநில நிதிக்குழு மானியம், நூறு நாள் வேலைத் திட்டம், எப்போதாவது ஒரு சிறப்புத் திட்டம். வளர்ச்சி வேலை என்று ஊராட்சியே உட்கார்ந்து தீர்மானிக்கக்கூடிய பெரிய தொகை மத்திய அரசின் 15-ஆவது நிதிக்குழு மானியம்தான். தமிழ்நாட்டில் ஊரக உள்ளாட்சிகளுக்கு வந்த அந்த மானியத்தில் நூற்றுக்கு 80 பங்கு கிராம ஊராட்சிக்கும், 15 ஊராட்சி ஒன்றியத்துக்கும், 5 மாவட்ட ஊராட்சிக்கும் போனது. நமது ஊராட்சிக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 16 லட்சம் வந்துகொண்டிருந்தது.

இந்தப் பணத்தில் ஒரு கோடு கிழித்திருந்தது. 60 சதவீதம் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் மட்டும், பாதிக்குப் பாதி. மீதி 40 சதவீதம் ஊரின் மற்ற தேவைகளுக்கு. அதிலும் சம்பளமோ அலுவலகச் செலவோ எடுக்கக் கூடாது. அலுவலகத்தில் முதல் வகையை 'டைடு' என்றும் இரண்டாவதை 'அன்டைடு' என்றும் சொல்வார்கள். ஆக, குடிநீருக்கு 4.8 லட்சம், சுகாதாரத்துக்கு 4.8 லட்சம், பொதுவாக 6.4 லட்சம். பின்னால் நடந்ததெல்லாம் இந்த மூன்று எண்களைச் சுற்றித்தான்.

அதுவரை பங்கிட்ட விதம்

2019 டிசம்பர் தேர்தலில் வந்த மன்றம் அது. தலைவர் ஒரு பெண், முதல் முறையாகப் பொறுப்புக்கு வந்தவர். துணைத் தலைவர் மூன்றாம் முறை உறுப்பினர், ஊர்க் காரியம் எல்லாம் விரல் நுனியில் வைத்திருப்பவர். ஊராட்சிக் கணக்கிலிருந்து ஒரு ரூபாய் வெளியே போக வேண்டுமென்றாலும் இவர்கள் இரண்டு பேரின் ஒப்புதலும் வேண்டும்.

முதல் ஆண்டில் யாருக்கு எவ்வளவு என்று பெரிய சண்டை. அதை முடிக்க ஒரு ஏற்பாடு செய்துகொண்டார்கள்: பொதுப்பணம் 6.4 லட்சத்தை ஒன்பதால் வகுத்து, வார்டுக்கு 71,000. என்ன வேலை என்பதை அந்தந்த உறுப்பினர் சொல்வார். கூட்டம் பத்து நிமிடத்தில் முடிந்தது. எல்லோரும் சமம் என்பதால் யாரும் குறை சொல்லவும் இல்லை.

71,000-க்கு என்ன வரும்? முப்பது மீட்டர் பேவர் பிளாக் கூட முழுசாக வராது. ஒரு வார்டில் சிறுபாலத்துக்கு இரண்டு பக்கச் சுவரும் எழுப்பி மேல்தளம் போடப் பணம் இல்லாமல் நின்றது. ஒரு வார்டில் தெருவிளக்கு. இன்னொன்றில் பாதித் தெருவரை கல் பதித்து, மீதிப் பாதி மண். அந்தக் கல்லும் மண்ணும் சேரும் இடத்தில் மழைத் தண்ணீர் தேங்கி நின்றதை நானே மிதித்திருக்கிறேன்.

குடிநீர்ப் பணத்துக்கு இந்த வகுத்தல் கூடக் கிடையாது. மோட்டார் காயில் கட்டுவது, உடைந்த குழாய் மாற்றுவது, அவசரத்துக்கு ஒரு சின்டெக்ஸ் தொட்டி என்று, யார் முதலில் வந்து சத்தம் போடுகிறார்களோ அவர்களுக்குப் போனது. மேற்குத் தெருக்காரர்கள் அலுவலகத்துக்குப் பக்கத்தில் இருந்தார்கள். கிழக்கிலிருந்து வந்து நிற்க, விடியற்காலையில் பட்டாசு ஆலை வண்டி ஏறிப் போகும் பெண்களுக்கு நேரம் ஏது?

2022 ஆகஸ்டு 15: கிராம சபை

கூட்டத்தில் வரவு செலவு வாசித்து முடித்ததும், ஒன்பதாம் வார்டுக்கு அடுத்த ஆண்டு என்ன வேலை வேண்டும் என்று கேட்டார்கள். அந்த வார்டு உறுப்பினர் பேவர் பிளாக் என்றார். அப்போது பின்வரிசையிலிருந்து நடுத்தர வயதுள்ள ஒரு பெண் எழுந்தார். அவர் சொன்னதை அன்றே குறித்து வைத்தேன்: "தலைவரம்மா, ரோடு பெறகு போடுங்க. எங்க தெருவுல குடத்துல தண்ணி விழுற சத்தம் கேட்டு வருசம் ஆச்சு. துணியப் போட்டு ஒத்தி எடுக்குற மாதிரி எடுக்கோம்."

தலைவர் உடனே பதில் சொல்லவில்லை. ஊராட்சிச் செயலாளர் எழுந்து, ஜல் ஜீவன் திட்டத்தில் கிழக்குத் தெரு முழுவதும் வீட்டிணைப்பு கொடுத்தாகிவிட்டது என்று பதிவேட்டைக் காட்டினார். அது உண்மை. 110 வீட்டு வாசலிலும் நீலக் குழாய் நின்றது. கூட்டம் இரண்டாகப் பிரிந்து பேச ஆரம்பித்தது. தொட்டி சின்னது, புதுத் தொட்டி வேண்டும் என்று ஒரு பக்கம். கூட்டுக் குடிநீர்த் தண்ணீரே போதிய அளவு வருவதில்லை என்று இன்னொரு பக்கம்.

கடைசியில் 'புதிய மேல்நிலைத் தொட்டி கோரி விண்ணப்பிப்பது' என்று ஒரு தீர்மானம் போட்டார்கள். ஊராட்சிப் பணத்தில் கட்டவே முடியாத ஒன்றை மேலே கேட்டு எழுதுவதோடு அந்த வேலை முடிந்துவிடும். அதற்கு முந்தைய கிராம சபைகளிலும் இதே தீர்மானம் இரண்டு முறை போட்டிருந்தார்கள். கூட்டம் கலைந்ததும் தலைவர் என்னையும் கூட்டமைப்புத் தலைவியையும் நிறுத்தி, "உண்மையில எங்க கோளாறுன்னு யாராவது பாத்தீங்களா?" என்று கேட்டார். யாரும் பார்த்திருக்கவில்லை.

செப்டம்பர்: குடமும் கைப்பேசியும்

பொறியாளரை வரவழைத்துச் சோதனை செய்ய நாளாகும். அதுவரை சும்மா இருக்க வேண்டாம் என்று, 15 லிட்டர் பிளாஸ்டிக் குடம் ஒன்றையும், கைப்பேசியில் இருக்கும் நிறுத்துக் கடிகாரத்தையும் எடுத்துக்கொண்டு கிளம்பினோம். மகளிர் குழுப் பெண்கள் ஆறு பேர், தொட்டி இயக்குபவர், நான். தண்ணீர் விடும் நாட்களில் மூன்று காலை. ஒவ்வொரு தெருவிலும் ஒரு குடம் நிறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்த்து நோட்டில் எழுதினோம். அவ்வளவுதான் ஆய்வு.

தொட்டிக்கு அருகில் முதல் குழாயில் 38 வினாடி. கடைத்தெருவில் 50-க்கு மேல். சாலையைக் கடந்ததும் 2 நிமிடம். கிழக்குத் தெருவின் கடைசியில் 6 நிமிடம் 50 வினாடி. நான்கு இடத்தில் சொட்டுக்கூட இல்லை.

கிழக்குத் தெருவில் வீட்டு வாசல் குழாயில் தண்ணீர் ஏறவே ஏறாது. அதனால் தெருவில் பூமியை முழங்கால் ஆழத்துக்குத் தோண்டி, பழைய குழாயைத் தரைக்குக் கீழே அறுத்து விட்டிருந்தார்கள். அப்படி 16 குழிகள். குழிக்குள் குடம் நிற்காது, சட்டிதான் நிற்கும். ஒருவர் குழிக்குள் குனிந்து சட்டியில் பிடித்து மேலே கொடுக்க, இன்னொருவர் வாங்கிக் குடத்தில் ஊற்றுவார். குழியின் ஓரத்தில் சேறு. மழைக்காலத்தில் அந்தச் சேற்றுத் தண்ணீர் குழாய்க்குள்ளேயே போகும். குளோரின் போட்டு வைத்த குடிநீர், கடைசி நூறு அடியில் இப்படி ஆகிறது.

ஒரு குழிக்கு ஆறேழு வீடு. ஒருநாள் விட்டு ஒருநாள் ஒன்றரை மணி நேரம் தண்ணீர். கணக்குப் போட்டால் ஒரு முறைக்கு வீட்டுக்குச் சராசரி 4 குடம். ஜல் ஜீவன் திட்டத்தில் ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்று அளவு. ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு அது தினமும் 18 குடம். புழங்க உப்புத் தண்ணீர் அடிகுழாய் இருக்கிறது. குடிக்க வண்டித் தண்ணியைக் காசு கொடுத்து வாங்கினார்கள்.

தொட்டியைப் பற்றி எல்லோரும் நினைத்திருந்தது தவறு என்பதும் அந்த மூன்று காலையில்தான் தெரிந்தது. ஒவ்வொரு முறையும் தொட்டி நிறைந்துதான் இருந்தது. தண்ணீர் விட்டு முடித்த பிறகும் அடியில் மிச்சம் கிடந்தது. கோளாறு குழாய்த் தடத்தில். தொட்டியிலிருந்து ஒரே ஒரு பழைய குழாய் மேற்குத் தெரு முழுக்கச் சுற்றி, வழியில் எல்லா இணைப்புக்கும் கொடுத்துவிட்டு, சாலைக்கு அடியில் சின்னக் குழாயாகச் சுருங்கிக் கிழக்கே போனது. புதுசாகக் கொடுத்த வீட்டிணைப்புகளையும் அதே தடத்தில்தான் கோத்திருந்தார்கள். நடுவில் வால்வு எதுவும் இல்லை. வழியில் சில வீடுகளில் சிறு மோட்டார் வைத்து உறிஞ்சுவதும் நடந்தது. எத்தனை வீடு என்று நாங்கள் எண்ணவில்லை. எண்ணியிருந்தால் அன்றே வேலை நின்று போயிருக்கும் என்று இன்றும் நினைக்கிறேன்.

ஒன்றியத்துப் பணி மேற்பார்வையாளர் வந்து பார்த்தார். எங்கள் நோட்டை வாங்கி வரிவரியாகப் படித்தார். தொட்டியிலிருந்து நேராகக் கிழக்குத் தெருவுக்கு 620 மீட்டர், 90 மில்லிமீட்டர் பிவிசி குழாய், இரண்டு தடத்துக்கும் தனித்தனி வால்வு. எஸ்டிமேட் 4.5 லட்சம். குடிநீருக்கென்று ஆண்டுதோறும் வந்துகொண்டிருந்த தொகைக்குள்ளேயே அடங்கியது.

முடிவெடுத்த கூட்டம்

செப்டம்பர் கடைசி வாரத்தில் வார்டு உறுப்பினர்கள் கூடினார்கள். மூன்று மணி நேரம் நடந்தது. 2023-24-ஆம் ஆண்டுத் திட்டத்துக்கான கூட்டம் அது.

தலைவர் நோட்டை மேசையில் வைத்து, குடிநீர்ப் பணம் முழுவதையும் அந்த ஒரே தடத்துக்குப் போடலாம் என்றார். எதிர்ப்பு உடனே வந்தது. அதில் நியாயமும் இருந்தது. துணைத் தலைவரின் வார்டில்தான் அந்தப் பாதிச் சிறுபாலம். பள்ளிக்கூடப் பிள்ளைகள் அதன் பக்கத்தில் ஓடைக்குள் இறங்கித்தான் போகிறார்கள். "ரெண்டு வருசமா அடுத்த வருசம்னு சொல்லித்தான் கையெழுத்து வாங்குனீங்க. இப்ப மொத்தமா ஒரே தெருவுக்குன்னா எங்க ஆளுகளுக்கு நான் என்ன பதில் சொல்ல?" என்று அவர் கேட்டார். குடிநீர்ப் பணத்தைப் பாலத்துக்கு எடுக்க முடியாது என்று செயலாளர் விளக்கினார். அந்த விதி உறுப்பினர்களில் பாதிப் பேருக்கு அன்றுதான் தெரிந்தது. மூன்று ஆண்டாக ஒரே பையிலிருந்து எடுப்பதாகவே நினைத்திருந்தார்கள்.

அதன் பிறகு பேச்சின் திசை மாறியது. கரும்பலகையில் மூன்று பத்தி வரைந்து, எந்த வேலைக்கு எந்தப் பணம் செல்லும் என்று பிரித்து எழுதினோம்.

குடிநீர்ப் பத்தியில் கிழக்குத் தடம் மட்டும். காரணம்: நோட்டில் இருந்த அளவுக்கு ஈடாக வேறு எந்த வார்டிலும் ஒரு குறையைக் காட்ட முடியவில்லை. மற்ற பணத்தைத் தொடாததால் அங்கே தகராறும் குறைந்தது.

சுகாதாரப் பத்தியில் மேற்கிலும் கிழக்கிலும் தெருவில் ஓடும் கழிவுநீருக்கு உறிஞ்சுகுழிகள். இதற்கு நாங்கள் அளந்து பார்க்கவில்லை. மாதிரி வரைபடம் தயாராக இருந்தது, அதை எடுத்துக்கொண்டோம். கூட்டத்துக்கு வந்திருந்த வயதான கொத்தனார் ஒருவர், "கரிசல் தண்ணி குடிக்காதுய்யா" என்று ஒரு வார்த்தை சொன்னார். அதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நானும்தான்.

பொதுப்பணம் 6.4 லட்சத்தில் பழைய முறையை முழுதாகக் கைவிட முடியவில்லை. நான்கு உறுப்பினர்கள் எழுந்துபோகத் தயாராக இருந்தார்கள். இரண்டாகப் பிரித்தோம். பாதியை ஒன்பது வார்டுக்கும் சிறு பராமரிப்புக்கு. மீதிப் பாதியைச் சேர்த்து வைத்து, அரைகுறையாக நிற்கும் வேலையை முடிக்க. 3.2 லட்சத்துக்குள் முடியக்கூடிய அரைகுறை வேலைகளில் தெருக்கல் மிச்சம் இரண்டு வந்தன. சிறுபாலத்தின் புது எஸ்டிமேட் அதைத் தாண்டியது. பாலம் 2024-25-க்கு முதல் வேலை என்று பேசிக்கொண்டார்கள். பேசிக்கொண்டார்களே தவிர எழுதவில்லை. இதை இங்கே அழுத்திச் சொல்கிறேன். பின்னால் இதற்குத்தான் விலை கொடுத்தோம்.

கடைத்தெருக்காரர்கள் கேட்ட பேவர் பிளாக் சாலைக்கு 'நமக்கு நாமே' திட்டத்தைக் கைகாட்டினோம். எஸ்டிமேட்டில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் கட்டினால் மீதியை அரசு போடும். 5.4 லட்சத்து வேலைக்கு 1.8 லட்சம். கடைக்காரர்களால் திரட்ட முடியும், திரட்டவும் செய்தார்கள். கையில் காசுள்ள தெருவைப் பங்கு கேட்கும் திட்டத்துக்கு நகர்த்தி, காசில்லாத தெருவுக்கு ஊராட்சிப் பணத்தை விட்டுவைத்தது அந்த ஆண்டு எடுத்ததிலேயே நல்ல முடிவு என்பது என் எண்ணம்.

2022 அக்டோபர் 2: மக்கள் முன்னால்

இந்த அளவு மக்கள் தொகைக்குக் கிராம சபையில் 100 பேர் இருக்க வேண்டும். வழக்கமாக 60, 70 பேர் வருவார்கள், மற்றவர்களிடம் சாயங்காலம் வீட்டுக்கு வீடு போய்க் கையெழுத்து வாங்குவார்கள். அன்றைக்கு 100-க்கு மேல் உட்கார்ந்திருந்தார்கள்.

மகளிர் குழுவினர் அதிகாலையிலேயே வந்து கோலப்பொடியால் தரையில் ஊர்ப்படம் போட்டிருந்தார்கள். தொட்டி இருக்கும் இடத்தில் ஒரு செங்கல். ஒவ்வொரு தெருவிலும் குடம் நிறைந்த நேரத்தை அட்டையில் எழுதி வைத்தார்கள். 38 வினாடி அட்டையையும் 6 நிமிடம் 50 வினாடி அட்டையையும் சேர்த்துப் பார்த்த மேற்குத் தெருப் பெரியவர் ஒருவர், படத்தில் தன் தெருவிலிருந்து கிழக்கே நடந்து அந்தக் கடைசி அட்டையைக் குனிந்து எடுத்துப் படித்தார். ஒரே ஊரில் எழுபது வருடம் வாழ்ந்தவர். எதிர்த்துப் பேசுவார் என்று எதிர்பார்த்திருந்தோம். "முதல்ல அங்க போடுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

தீர்மானம் நிறைவேறியது. ஒரே ஒரு கேள்வி பதிலில்லாமல் நின்றது: புதுத்தடம் வந்தபின் வால்வைத் திருப்பும் சாவி யாரிடம் இருக்கும்?

2023: பணம் போன வழி

ஜனவரியில் திட்டத்தை, ஊராட்சித் திட்டமும் செலவும் பதிவாகும் இ-கிராம் ஸ்வராஜ் இணையதளத்தில் ஏற்றினார்கள். அந்தத் தளத்தில் ஏறாத வேலைக்குப் பணம் கொடுக்க முடியாது. எந்தத் தலைப்பில் ஏறியதோ அந்தத் தலைப்பில்தான் பணம் போகும். ஜூன் மாதம் வேலையை எடுக்கப் போனபோது, குடிநீர்த் தடம் பொதுப்பணத் தலைப்பில் பதிவாகியிருந்தது தெரிந்தது. செயலாளர் வேண்டுமென்று செய்ததில்லை. இரண்டு ஊராட்சிக்கு அவர் ஒருவர்தான், ராத்திரி சர்வர் வேகமாக இருக்கும் நேரத்தில் உட்கார்ந்து ஏற்றியவர். திருத்திய திட்டம் போட்டு, மறுபடி ஒப்புதல் வாங்க இரண்டு மாதம் போனது.

அப்புறம் டெண்டர். செப்டம்பர் கடைசியில் குழி தோண்ட ஆரம்பித்தார்கள். அந்த இரண்டு மாதம் வீணாகாமல் இருந்தால் வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் குழாய் மண்ணுக்குள் போயிருக்கும்.

அக்டோபர் நடுவில் முதல் பட்டியல் தொகைக்குத் தலைவர் ஒப்புதல் போட்டார். துணைத் தலைவர் போடவில்லை. டிஜிட்டல் கையெழுத்துக்கான டோக்கன் வேலை செய்யவில்லை என்றார். பிறகு வெளியூர் போயிருப்பதாகத் தகவல் வந்தது. ஐந்து வாரம். ஒப்பந்தக்காரர் ஆட்களை எடுத்துக்கொண்டு போய்விட்டார். 200 மீட்டர் குழி திறந்து கிடந்தது. மழை பெய்து கரிசல் மண் களியாகக் குழைந்து, கரை சரிந்து, தோண்டியதில் பாதி தானாகவே மூடிக்கொண்டது. ஒரு கன்றுக்குட்டி உள்ளே விழுந்து, நாலு பேர் கயிறு கட்டித் தூக்கினார்கள். தண்ணீருக்காகக் காத்திருந்த தெருவே வாசலில் இறங்க வழியில்லாமல் பலகை போட்டு நடந்தது.

மேலே புகார் கொடுக்கலாம் என்று பேச்சு வந்தது. தலைவர் வேண்டாம் என்றார். நவம்பர் கடைசியில் ஒருநாள் சாயங்காலம் கூட்டமைப்புத் தலைவியை அழைத்துக்கொண்டு துணைத் தலைவர் வீட்டுக்கே போனார். நானும் உடன் போனேன். துணைத் தலைவர் பேசியதில் பணம் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. பாலம் முதல் வேலை என்று சொன்னதை அவர் வார்டில் யாரும் நம்பவில்லை, கேட்டவர்களிடம் காட்ட ஒரு காகிதம் கூடத் தன்னிடம் இல்லை என்பதுதான் அவர் குறை. மறுநாளே மன்றக் கூட்டம் போட்டு, 2024-25 திட்டத்தில் முதல் வரிசை சிறுபாலம் என்று தீர்மானம் எழுதி, நகலைக் கையில் கொடுத்தார்கள். அந்த நகலை அவர் வார்டுத் தேநீர்க் கடைச் சுவரில் ஒட்டினார்கள். அந்த வாரமே ஒப்புதல் விழுந்தது.

கிடைத்ததும் கிடைக்காததும்

2024 ஜனவரி மூன்றாம் வாரம் கிழக்குத் தடத்தில் முதல் தண்ணீர் விட்டோம். அதே குடம், அதே கடைசி வீடு. 1 நிமிடம் 25 வினாடி. வீட்டு வாசல் நீலக் குழாயில் தண்ணீர் ஏறியது. 16 குழிகளில் 13-ஐ ஒரு மாதத்துக்குள் அவர்களே மூடிவிட்டார்கள். மேடான இடத்தில் இருக்கும் மூன்று இன்றும் இருக்கின்றன.

மேற்குத் தெருவுக்கு ஒன்றரை மணி நேரமாக இருந்த விநியோகம் ஒரு மணி நேரமானது. அழுத்தம் குறையவில்லை, நேரம் குறைந்தது. பிப்ரவரியில் ஒருநாள் காலை கிழக்கு வால்வை யாரோ பாதிக்கு மூடியிருந்தார்கள். அதன் பிறகு வால்வுத் தொட்டிக்குப் பூட்டு போட்டு, ஒரு சாவி தொட்டி இயக்குபவரிடமும் இன்னொன்று கிழக்குத் தெரு மகளிர் குழுவைச் சேர்ந்த இரண்டு பேரிடமும் கொடுத்தார்கள். கிராம சபையில் கேட்ட கேள்விக்குப் பதினாறு மாதம் கழித்துக் கிடைத்த பதில் அது.

உறிஞ்சுகுழிகள் தோற்றுப்போயின. 2023 ஆகஸ்டில் கட்டி முடித்தோம். அக்டோபர் மழையில் நிறைந்தவை வடியவே இல்லை. கரிசல் களிமண் ஈரத்தில் உப்பி இறுகிவிடும், தண்ணீரைக் கீழே விடாது. செம்மண் ஊருக்குப் பொருந்தும் வரைபடத்தை அப்படியே இங்கே கட்டியிருந்தோம். டிசம்பரில் அந்தக் குழிகளைச் சுற்றிக் கொசு. 4.8 லட்சத்தில் பெரும்பகுதி அதில் போனது. கொத்தனாரைத் தேடிப் போய்ப் பேசியபோது, தன் சின்ன வயதில் ஊர்க் கழிவுத் தண்ணீரைத் தெற்கு ஓடைக்குக் கொண்டுபோன பழைய வாய்க்கால் எங்கே ஓடியது என்று நடந்து காட்டினார். அதன் மேல் இப்போது இரண்டு இடத்தில் படிக்கட்டு கட்டியிருக்கிறார்கள்.

பொதுப்பணத்தில் தெருக்கல் மிச்சம் இரண்டும் முடிந்தன. கடைத்தெருச் சாலை 2024 மார்ச்சில் முடிந்தது. சிறுபாலத்துக்கு 2024 ஆகஸ்டில் மேல்தளம் போட்டார்கள்.

மறுபடி செய்தால்

அளந்து பார்ப்பதை எஸ்டிமேட்டுக்கு முன்னால் வைப்பேன், எல்லாத் தலைப்புக்கும். குடிநீருக்கு மூன்று காலை செலவழித்தோம், பலன் கிடைத்தது. உறிஞ்சுகுழிக்கு ஒரு மணி நேரம் கூடச் செலவழிக்கவில்லை. ஒரு குழி வெட்டித் தண்ணீர் ஊற்றி, எவ்வளவு நேரத்தில் வடிகிறது என்று பார்த்திருந்தாலே போதும்.

தள்ளிப்போடும் வேலையை அதே கூட்டத்தில், அதே தீர்மானத்தில், எத்தனையாவது வரிசை என்று எழுதுவேன். முதல் வரிசையில் இடம் கிடைக்காதவர்தான் அந்தக் காகிதத்தைத் தேடுவார். ஐந்து வாரமும் 200 மீட்டர் சரிந்த மண்ணும் ஒரு பக்கக் காகிதம் இல்லாததால் வந்தவை.

தளத்தில் ஏற்றிய திட்டத்தை அச்செடுத்து, தலைப்பையும் தொகையையும் உறுப்பினர் ஒருவர் சத்தமாக வாசித்துச் சரிபார்க்க வேண்டும். பிழையை ஜனவரியில் கண்டுபிடித்திருந்தால் அரைநாள் வேலை. ஜூனில் அது இரண்டு மாதம்.

குடிநீர்ப் பணம் முழுவதையும் புதுத்தடத்துக்கே போட்டதால், அந்த ஆண்டு மோட்டார் கெட்டபோது கையில் எதுவும் இல்லை. ஒன்பது நாள் ஊர் முழுக்கத் தண்ணீர் இல்லை. பழுதுக்கென்று ஒரு பங்கு ஒதுக்கிவிட்டுத்தான் மீதியைப் பங்கிட வேண்டும்.

வார்டுக்கு வார்டு சமமாகப் பிரிப்பதை முழுவதும் நிறுத்தச் சொல்வேனா என்று என்னிடம் கேட்கிறார்கள். மாட்டேன். உடைந்த பல்பையும் அடைத்த வாய்க்காலையும் உடனே சரிசெய்ய உறுப்பினர் கையில் கொஞ்சம் பணம் வேண்டும். பொதுப்பணத்தில் பாதி அதிகம், மூன்றில் ஒரு பங்கு போதும்.

மோட்டார் வைத்து உறிஞ்சும் வீடுகளைப் பற்றி இன்னும் எந்த முடிவும் எடுக்கவில்லை. மேற்குத் தடத்தில் கடைசி ஐந்து வீடுகளுக்கு அதனால் குடம் நிறைய 2 நிமிடத்துக்கு மேல் ஆகிறது என்று 2024 நவம்பரில் மகளிர் குழுவினர் மறுபடி அளந்து எழுதி வைத்திருக்கிறார்கள்.

2025 ஜனவரி 5-இல் மன்றத்தின் பதவிக்காலம் முடிந்து நிர்வாகம் தனி அலுவலரிடம் போனது. அதற்கு முந்தைய வாரம், முடிக்காத வேலைகளை வரிசை எண்ணோடு ஊராட்சி அலுவலகச் சுவரில் பெயின்டில் எழுதினார்கள். ஒன்று, தெற்கு ஓடைக்குக் கழிவுநீர் வாய்க்கால். இரண்டு, கிழக்குத் தெருவில் மிச்சமிருக்கும் மூன்று குழிகளுக்கு இணைப்பு உயர்த்துதல். மூன்று, மேற்குத் தடத்தின் கடைசி ஐந்து வீடுகள். எழுதியவர் துணைத் தலைவரின் மகன். அளந்த நோட்டு கூட்டமைப்புத் தலைவி வீட்டுப் பீரோவில் இருக்கிறது.